ரா ஃபைலுக்கு எவ்வளவு வெளிச்சம்? எக்ஸ்போஷர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் என்னவென்று தெரிந்தவர்களுக்கான பக்கம் இது. கேமராவே திருத்தி முடித்துத் தரும் ஜேபெக்கை விட்டு, சென்சாரின் தரவை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலுக்கு மாறியதும் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: கேமராவின் பின்திரையில் தெரியும் படத்தைப் பார்த்து, கார்டில் பதிவான தரவை எடைபோடுகிறோம். இரண்டும் வேறு வேறு.

"ரா எடுத்தாச்சு, மிச்சத்தை எடிட்டில் பார்த்துக்கலாம்" என்கிறார்களே. எக்ஸ்போஷர் பிசகினால் உண்மையிலேயே சரிசெய்ய முடியுமா?

எந்தப் பக்கம் பிசகியது என்பதைப் பொறுத்தது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும் நெல் அளக்கும் படியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒளி விழ விழ நிறைகிறது. தலை தட்டும் அளவுக்கு நிறைந்துவிட்டால் அதற்குமேல் கொட்டுவது அளவில் சேராது. இதைத்தான் கிளிப் ஆவது, வெள்ளை எரிந்துபோவது என்கிறோம். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் எல்லாம் அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் அங்குள்ள பிக்சல்கள் அனைத்திலும் ஒரே எண்தான் இருக்கும். மடிப்பு எங்கே என்று எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒளி போதாமல் அண்டர் ஆன படத்தின் கதை வேறு. விவரம் உள்ளே இருக்கும், நாய்ஸோடு (மணல் தூவியதுபோன்ற புள்ளிகளோடு) கலந்து இருக்கும். எடிட்டில் வெளிச்சத்தைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே மேலே வரும். அடிப்படை ஐஎஸ்ஓவில், கடந்த பத்தாண்டுகளில் வந்த ஃபுல் ஃப்ரேம் கேமராவில், நிழலை 3 ஸ்டாப் (1 ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) தூக்கினாலும் படம் பொதுவாகத் தாங்கும். அதே கேமராவில் ஐஎஸ்ஓ 3200இல் அண்டராக எடுத்துவிட்டு 1 ஸ்டாப் தூக்கினாலே கருங்கூந்தலிலும் அடர்நிறத் துணியிலும் நிறத்திட்டுகள் தெரியத் தொடங்கும்.

எக்ஸ்போஷர் என்றால் படத்தின் பிரகாசம்தானே?

இல்லை. சென்சாரின்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதுதான் எக்ஸ்போஷர். அதை முடிவு செய்பவை இடத்தில் இருக்கும் வெளிச்சம், அப்பர்ச்சர், ஷட்டர் திறந்திருந்த நேரம் ஆகிய மூன்று மட்டுமே. ஐஎஸ்ஓ அதில் சேராது. விழுந்து முடிந்த ஒளியைப் பெருக்கிக் காட்டுவதே அதன் வேலை. படம் எவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்பதைக் கணினியில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். விழாத ஒளியைப் பிறகு கொண்டுவர முடியாது. இந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற பதில்கள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

நாய்ஸ் ஐஎஸ்ஓவால் வருகிறது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

பெரும்பகுதி ஒளியின் பற்றாக்குறையால் வருகிறது. ஒளி ஒழுகும் தண்ணீர் போலச் சீராக விழுவதில்லை, தூறல் போலத் துளித்துளியாக விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) பதிவாகும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 10 இருக்கும், அதாவது பத்து சதவீதம். 10,000 பதிவாகும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரே சதவீதம். ஏற்ற இறக்கம் எப்போதும் எண்ணிக்கையின் வர்க்கமூலம். அதனால் 4 மடங்கு ஒளி கொடுத்தால், அதாவது 2 ஸ்டாப் கூட்டினால், படம் 2 மடங்கு சுத்தமாகும். அதிக ஐஎஸ்ஓ படத்தில் நாய்ஸ் தெரிவதற்கு முதல் காரணம், அந்த ஐஎஸ்ஓவைப் போட வேண்டிய அளவுக்கு அங்கே வெளிச்சம் குறைவாக இருந்ததுதான்.

"வலதுபக்கம் தள்ளி எடு" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது? இன்றும் செல்லுமா?

ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் பேசிய பிறகு, புகைப்படக்காரர் மைக்கேல் ரைக்மேன் 2003இல் இதை எழுதிப் பரப்பினார். ஹிஸ்டோகிராமின் (படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைத் தொடாமல், முடிந்தவரை அதற்கு அருகில் கொண்டுபோய் எடுக்க வேண்டும் என்பது அவர் சொன்னது. அன்று அவர் கொடுத்த காரணம் எண்களின் பங்கீடு. சென்சார் நேர்விகிதத்தில் பதிவு செய்வதால், 14 பிட் ஃபைலின் 16,384 படிநிலைகளில் மேல் ஸ்டாப் மட்டுமே 8,192ஐ எடுத்துக்கொள்ளும். அடுத்தது 4,096. ஐந்தாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிஞ்சுவது 512.

கணக்கு சரி, காரணம்தான் முழுமையில்லை. அந்தப் படிநிலைகளைவிட நாய்ஸ் பெரிதாக இருப்பதால், கூடுதல் படிநிலைகளால் கண்ணுக்கு லாபம் எதுவும் இல்லை என்று இயற்பியல் பேராசிரியர் எமில் மார்ட்டினெக் பின்னர் விளக்கினார். லாபம் வருவது முந்தைய பதிலில் சொன்ன ஃபோட்டான் கணக்கிலிருந்து. ஆகவே அறிவுரை இன்றும் செல்லும், ஒரு திருத்தத்தோடு: ஷட்டரையோ அப்பர்ச்சரையோ மாற்றி வலதுபக்கம் தள்ளினால்தான் பலன். ஐஎஸ்ஓவைக் கூட்டி ஹிஸ்டோகிராமை வலதுபக்கம் நகர்த்தினால் ஒரு ஃபோட்டான்கூடக் கூடுதலாக விழாது.

கேமராவின் ஹிஸ்டோகிராமை நம்பலாமா?

பாதி நம்பலாம். நீங்கள் ரா மட்டும் எடுத்தாலும், கேமரா உள்ளே ஒரு ஜேபெக்கைத் தயாரித்து அதன் ஹிஸ்டோகிராமைத்தான் காட்டுகிறது. அந்த ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்), கான்ட்ராஸ்ட் வளைவு, நிறச்செறிவு எல்லாம் ஏற்கெனவே ஏறியிருக்கும். பகல் வெளிச்சத்தில் சென்சாரின் பச்சைச் சேனல், அதாவது பச்சை ஒளியின் பதிவு, சிவப்பு, நீலம் இரண்டையும்விட அதிகமாக நிறையும். அதைச் சமன்செய்யச் சிவப்பை ஏறத்தாழ 2 ஆலும் நீலத்தை ஏறத்தாழ 1.5 ஆலும் பெருக்குவார்கள். இந்தப் பெருக்கலுக்குப் பிறகுதான் திரையில் சிவப்பு கிளிப் ஆனதாகத் தெரிகிறது. ரா ஃபைலில் அதே சிவப்புக்கு முழுதாக ஒரு ஸ்டாப் இடம் மிச்சம் இருக்கலாம்.

ஹிஸ்டோகிராமை உண்மைக்கு அருகே கொண்டுவர இவற்றைச் செய்யுங்கள். பிக்சர் ஸ்டைலை மிக மென்மையானதாக வையுங்கள்: நிக்கானில் ஃபிளாட், கேனானில் நியூட்ரல், அதிலும் கான்ட்ராஸ்டைக் கடைசி வரை குறைத்து. ஒரே வெள்ளை ஹிஸ்டோகிராமுக்குப் பதில் மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைத் தேர்ந்தெடுங்கள். சோனியில், அதிக வெளிச்சமான இடத்தில் கோடு காட்டும் ஜீப்ராவை 109+ இல் வையுங்கள். இவ்வளவு செய்தாலும் கேமரா கொஞ்சம் முன்கூட்டியே பயமுறுத்தும். எவ்வளவு முன்கூட்டியே என்பதை உங்கள் கேமராவில் ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொள்வதே நல்லது.

பெருக்கல் எண்கள் எல்லாம் 1 ஆகும்படி ஒயிட் பேலன்ஸை அமைக்கும் யூனிடபிள்யூபி என்ற வழியும் உண்டு. துல்லியமானது, ஆனால் திரையில் படம் பச்சைப்பசேலென்று தெரியும். பக்கத்தில் நின்று படம் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போவார்கள். நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு ஏற்றது, கல்யாணத்துக்கு வேண்டாம்.

என் கேமராவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று எப்படிச் சோதிப்பது?

அரைமணி நேர வேலை. வெயில் நேராகப் படாத, சீரான பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியோ வெள்ளைச் சுவரோ போதும். ட்யூப்லைட்டில் செய்யாதீர்கள், அது துடிப்பதால் அளவு மாறும். மேகம் நகரும் நாளும் ஆகாது.

கேமராவை மேனுவலில் போட்டு, அடிப்படை ஐஎஸ்ஓ, எஃப் 8, ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளப்பது) வையுங்கள். துணியின் நெசவு தெரியாதபடி ஃபோகஸைக் கலைத்துவிடுங்கள். மீட்டர் 0 காட்டும் ஷட்டர் ஸ்பீடைக் கண்டுபிடித்து, அங்கிருந்து +2 வரை போங்கள். பிறகு மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் கூட்டிக்கொண்டே +4 வரை ஏழு படங்கள். மாற்ற வேண்டியது ஷட்டரை மட்டும்.

ஏழு ஃபைலையும், ரா தரவை அப்படியே காட்டும் மென்பொருள்களான ராடிகர் அல்லது ஃபாஸ்ட்ராவியூவரில் திறந்து படத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். ஓரங்களில் லென்ஸால் வெளிச்சம் குறையும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பச்சைச் சேனலின் எண் எந்தப் படத்தில் ஏறாமல் நின்றுவிடுகிறதோ, அதற்கு முந்தைய படம்தான் உங்கள் வரம்பு. பெரும்பாலும் +3ஐ ஒட்டி வரும், சில கேமராக்களில் அதைத் தாண்டும். அதே ஏழு படங்களையும் கேமராவிலும் ஓட்டிப் பார்த்து, எந்தப் படத்தில் ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) எச்சரிக்கை கண் சிமிட்டத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை +2⅓இல் தொடங்கி, உண்மையான கிளிப் +3⅓இல் வந்தால், உங்கள் திரை 1 ஸ்டாப் முன்பே கத்துகிறது என்று பொருள். அந்த எண் மனதில் இருந்தால் போதும்.

இடத்தில் போய் நின்றதும் எதை முதலில் பார்க்க வேண்டும்?

விவரம் இருந்தே ஆக வேண்டிய பொருள்களில் எது மிக வெளிச்சமானது என்று தேடுங்கள். முகூர்த்தத்தில் அது பெரும்பாலும் வேட்டி, சட்டை, மல்லிகைப்பூ. வெளிப்புறத்தில் மேகம். அதை ஸ்பாட் மீட்டரில் அளந்து, சோதனையில் கிடைத்த வரம்புக்கு மூன்றில் இரண்டு ஸ்டாப் கீழே வையுங்கள். வரம்பு +3⅓ என்றால் வேட்டி +2⅔இல் அமரட்டும். அந்த மூன்றில் இரண்டு ஸ்டாப், ஆள் நகர்ந்து வீடியோ விளக்குக்கு அருகில் போனால் தாங்குவதற்காக. ஐயர் சொல்லி மாப்பிள்ளை எழுந்து நின்றால் வேட்டிக்கும் விளக்குக்கும் இடைவெளி பாதியாகிவிடலாம், விளக்கு சிறியதாக இருந்தால் அதுவே 2 ஸ்டாப் வித்தியாசம். ஆள்கள் எழப்போகும் சடங்கு என்று தெரிந்தால் முன்கூட்டியே இன்னும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

மண்டப வெளிச்சம் மாறாதவரை மேனுவலிலேயே இருங்கள். அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் வைத்தால், சட்டத்துக்குள் வேட்டி அதிகம் வரும்போது கேமரா இருட்டாக்கும், கறுப்புக் கோட் வரும்போது வெளிச்சமாக்கும். வெளிச்சம் ஒன்றாகவே இருக்க, படம் படத்துக்கு எக்ஸ்போஷர் ஊசலாடும். ஆயிரம் படத்தைத் தனித்தனியாகத் திருத்தும் வேலை அங்கேதான் பிறக்கிறது.

நேரமே இல்லாத சூழலில், நிக்கானில் டி810 முதல் வந்த ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங், சோனியின் புதிய கேமராக்களில் உள்ள ஹைலைட் மீட்டரிங் ஆகியவை உதவும். ஆனால் அவை விளக்குச் சுடரையும் காப்பாற்ற முயன்று முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும்.

எதை எரியவிடலாம்?

குத்துவிளக்குச் சுடர், ஹோமத் தீயின் நடுப்பகுதி, சூரியன், சரிகையிலும் நகையிலும் தெறிக்கும் புள்ளிகள், மேடை விளக்கின் பல்பு. இவை நேரில் பார்த்தாலும் கண் கூசுபவை, படத்தில் வெள்ளையாக இருப்பதுதான் இயல்பு. இவற்றைக் காப்பாற்றப் போய் முகத்தை 3 ஸ்டாப் அண்டராக எடுப்பது பெரிய பிழை. நெற்றியிலும் கன்னத்திலும் அகலமாக எரிந்த திட்டு மட்டும் ஒருபோதும் வேண்டாம். தோல் கிளிப் ஆனால் முதலில் மஞ்சளாகவும் பிறகு சுண்ணாம்பாகவும் மாறும், அதை ஒட்டவைக்க வழியில்லை.

அரக்குப் பட்டு, செவ்வந்தி எல்லாம் சப்பையான ஒரே நிறமாக வருகின்றன. ஓவரா?

பல சமயம் இல்லை. ரா ஃபைலில் விவரம் நன்றாகவே இருக்கும், ஒயிட் பேலன்ஸ் பெருக்கலும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியின் (ஜேபெக்கில் அடங்கும் நிறங்களின் எல்லை) குறுகலும் சேர்ந்து சிவப்பை வெளியீட்டில் கிளிப் செய்கின்றன. எக்ஸ்போஷர் ஸ்லைடரை இழுப்பதற்குமுன் சிவப்பின் நிறச்செறிவையும் ஒளிர்வையும் மட்டும் குறைத்துப் பாருங்கள், நெசவு திரும்பி வரும். எடிட் மென்பொருளில் மென்மையான கேமரா புரொஃபைலுக்கு (நிற, கான்ட்ராஸ்ட் அமைப்புக்கு) மாறுவதும் உதவும்.

விதிவிலக்கு மஞ்சள் விளக்கொளி. விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு ஏராளம், நீலம் வறட்சி. அங்கே ரா ஃபைலிலேயே சிவப்பு முதலில் நிறைந்துவிடலாம். கூடவே நீலச் சேனலை இரண்டரை, மூன்று மடங்கு பெருக்க வேண்டியிருப்பதால் நிழல்களில் நீல நாய்ஸ் கொப்பளிக்கும். முடிந்தால் அரை ஸ்டாப்பாவது ஒளியைக் கூட்டுங்கள். முடியாவிட்டால் அந்த மஞ்சளை முழுதாக வெளுக்காமல் விடுங்கள். விளக்கொளி கொஞ்சம் பொன்னிறமாக இருந்தால்தான் அழகு.

கருநிறத் தோலை மீட்டர் தவறாக அளக்கிறதா?

மீட்டருக்குத் தோல் தெரியாது. தனக்குக் காட்டியதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அடர்ந்த நிறமுள்ள முகத்தை ஸ்பாட்டில் அளந்து 0இல் வைத்தால் முகம் வெளிறும், பக்கத்து வெள்ளைச் சட்டை எரியும். மாநிறத்துக்கு 0 ஏறத்தாழ ஒத்துவரும். அடர்நிறத்துக்கு மீட்டரை −⅔ முதல் −1 வரை வைத்தால் முகம் தன் நிறத்திலேயே இருக்கும். சட்டை வரம்புக்குள் இருந்தால், எடுக்கும்போது தாராளமாக ஒளி கொடுத்துவிட்டு, முகத்தை அதன் உண்மையான ஆழத்துக்கு எடிட்டில் இறக்குவது இன்னும் நல்லது. நிழல் பக்கத்துக் கன்னம் சுத்தமாக இருக்கும். எல்லோரையும் ஒரே வெளுப்புக்குத் தூக்குவது திருத்தம் ஆகாது.

ஐஎஸ்ஓவைக் கேமராவில் கூட்டுவதா, அண்டராக எடுத்துக் கணினியில் தூக்குவதா?

ஷட்டரும் அப்பர்ச்சரும் இதற்குமேல் நகராது என்ற நிலைக்கு வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் சென்சாரைப் பொறுத்தது.

கேனான் 5டி மார்க் 3 போன்ற பழைய கேமராக்களில் சென்சாருக்குப் பின்னால் வரும் மின்சுற்று நாய்ஸ் அதிகம். அவற்றில் ஐஎஸ்ஓவைக் கேமராவில் கூட்டுவதே நல்லது. கணினியில் தூக்கினால் நிழலில் கோடுகோடாக வரும். நிக்கான் டி750 போன்றவற்றில் ஐஎஸ்ஓ 400இல் எடுத்து 3 ஸ்டாப் தூக்கினாலும், 3200இல் எடுத்தாலும் நாய்ஸ் ஏறத்தாழ ஒன்றே. 400இல் எடுத்தால் 3 ஸ்டாப் ஹைலைட் இடம் மிஞ்சும். மேடைக் கச்சேரி, வாணவேடிக்கை போல வெளிச்சம் திடீரென எகிறும் இடங்களில் அது பெரிய காப்பு.

புதிய சென்சார்கள் பலவற்றில் இரண்டு பெருக்க நிலைகள் உண்டு. சோனி ஏ7 3இல் இரண்டாவது நிலை ஐஎஸ்ஓ 640இல் தொடங்குகிறது. அங்கே 500ஐவிட 640இல் நிழல்கள் சுத்தமாக இருக்கும். ஆகவே வெளிச்சம் குறைந்தால் 640க்கு ஒரேயடியாகப் போய்விட்டு, அதற்குமேல் தேவையைப் பார்த்துக் கூட்டலாம். உங்கள் கேமராவின் நிலை எது என்பதை பில் கிளாஃபின் ஃபோட்டான்ஸ் டு ஃபோட்டோஸ் தளத்தில் உள்ள வரைபடத்தில் கோடு திடீரென மேலே குதிக்கும் இடத்தைப் பார்த்து அறியலாம்.

ஒரு எச்சரிக்கை. 3 ஸ்டாப் அண்டராக எடுத்தால் பின்திரை கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். ஃபோகஸ் விழுந்ததா, கண் மூடினார்களா என்று பார்க்க முடியாது. வேலை நடக்கும் இடத்தில் 1 ஸ்டாப் அளவுக்கு மட்டும் இந்த உத்தியைப் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஐஎஸ்ஓ 50 கொடுத்தால் இன்னும் சுத்தமா?

அடிப்படை 100ஆக உள்ள கேமராவில் 50 என்பது, 100இல் 1 ஸ்டாப் ஓவராக எடுத்துக் கீழே இறக்குவதுதான். ஹைலைட்டில் 1 ஸ்டாப் போகும். நிக்கான் டி850இல் 64 உண்மையான அடிப்படை, அது வேறு.

ஆக்டிவ் டி-லைட்டிங், ஹைலைட் டோன் பிரையாரிட்டி, ஃபூஜியின் டிஆர்400 இதெல்லாம் ரா ஃபைலைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஹைலைட்டைக் காக்கக் கேமராவே செய்யும் வேலைகள் இவை. கேனானின் ஹைலைட் டோன் பிரையாரிட்டி 1 ஸ்டாப் குறைவாகப் பதிவு செய்து, ஜேபெக்கில் மட்டும் தூக்கிக் காட்டுகிறது. ஐஎஸ்ஓ 200க்குக் கீழே போக முடியாததற்கு அதுதான் காரணம். ஃபூஜி எக்ஸ்-டி3இல் டிஆர்200க்கு 320ம், டிஆர்400க்கு 640ம் குறைந்தபட்சம். நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங்கை அதிகமாக வைத்தால் மீட்டரே அண்டராக எடுக்கச் சொல்லும். சில மென்பொருள்கள் ஃபைலில் இதுபற்றி உள்ள குறிப்பைப் படித்துச் சரிக்கட்டும், சில கட்டாது. அப்போது படம் இருட்டாகத் திறக்கும். ரா எடுத்து நீங்களே எக்ஸ்போஷரைக் கவனிப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

மண்டபத்தில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வருகிறது, சிலவற்றில் பட்டை பட்டையாகக் கோடு. ஏன்?

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய ட்யூப்லைட்டும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/250இல் எடுத்தால் துடிப்பின் உச்சம் மாட்டலாம், பள்ளமும் மாட்டலாம். 1/100 அல்லது 1/50இல் எடுத்தால் துடிப்பு முழுதாக உள்ளே வந்து சமமாகிவிடும். சைலன்ட் ஷட்டரில் கோடு இன்னும் மோசம், மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் போடுங்கள். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடித் திரை இதைவிட மிக வேகமாகத் துடிப்பது, அதற்கு 1/100 போதாமல் போகலாம். ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றி, கோடு மறையும் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கோட்டை எடிட்டில் எடுப்பது மிகக் கடினம் என்பதால், மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடுங்கள்.

கேமராவில் பார்த்த படம் ஒன்று, லைட்ரூமில் திறந்தால் வேறாக இருக்கிறதே?

முதல் நொடியில் தெரிவது ஃபைலுக்குள் இருக்கும் ஜேபெக். பிறகு அடோபியின் எடிட் மென்பொருளான லைட்ரூம் தன் புரொஃபைலைப் போட்டு வரைகிறது. ஒவ்வொரு கேமராவுக்கும் அடோபி உள்ளுக்குள் ஒரு அடிப்படைப் பிரகாசத் திருத்தமும் வைத்திருக்கிறது, அது ஸ்லைடரில் தெரியாது. அதனால் ஸ்லைடர் 0இல் இருக்கிறது என்பதை வைத்து ரா ஃபைலில் கிளிப் உண்டா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது. எக்ஸ்போஷரை −2 வரை இறக்கிப் பாருங்கள். வெள்ளைத் திட்டுக்குள் விவரம் எழுந்தால் தரவு இருக்கிறது. விவரமில்லாத சாம்பல் திட்டாக மாறினால் இல்லை.

லைட்ரூமில் எந்த வரிசையில் திருத்துவது?

முதலில் புரொஃபைலும் லென்ஸ் திருத்தமும். லென்ஸ் திருத்தம் ஓரங்களைத் தூக்குவதால் மொத்த வெளிச்சமே மாறும், கடைசியில் போட்டால் செய்ததெல்லாம் கலையும். அடுத்து ஒயிட் பேலன்ஸ். அது சேனல்களைப் பெருக்குவதால் கிளிப்பையும் பாதிக்கும்.

பிறகு எக்ஸ்போஷர். இங்கே ஹைலைட்டைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். முகம் சரியான அளவுக்கு வரும்வரை நகர்த்துங்கள். வலதுபக்கம் தள்ளி எடுத்த படத்துக்கு இது −0.5, −1 என்று வரும், அது இயல்பே. இதற்குப் பிறகுதான் ஹைலைட்ஸை இறக்கி வேட்டியைக் கொண்டுவர வேண்டும். −40 முதல் −70 போதும். −100 வரை இழுத்தால் வெள்ளை அழுக்கேறிய சாம்பலாகிவிடும். அப்படி இழுக்கத் தோன்றினால், மாஸ்க் போட்டு வேட்டியை மட்டும் இறக்குங்கள்.

வொயிட்ஸ், பிளாக்ஸ் இரண்டையும் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நகர்த்துங்கள், மேக்கில் ஆப்ஷன். கிளிப் ஆகும் இடங்கள் மட்டும் நிறப்புள்ளியாகத் தெரியும். வொயிட்ஸில் முதல் புள்ளிகள் தெரியும்வரை கூட்டிக் கொஞ்சம் பின்வாங்குங்கள். பிளாக்ஸில் கூந்தலின் ஆழம், கோட்டின் மடிப்பு ஆகியவற்றில் கொஞ்சம் கறுப்பு இருக்கட்டும். எங்குமே கறுப்பில்லாத படம் புகை மூடினதுபோல் இருக்கும். ஷேடோஸைக் கடைசியில் தொடுங்கள். +60ஐத் தாண்டினால் முகத்தின் வடிவமே தட்டையாகிவிடும்.

நாய்ஸ் இருந்தால், 2023இல் வந்த டீநாய்ஸ் வசதியை மாஸ்க் வேலைகளுக்கு முன்பே ஓட்டிவிடுங்கள். அண்டர் ஆன படத்தை அது வெகுவாகச் சுத்தப்படுத்தும். ஆனால் அதிகமாகப் போட்டால் தோல் மெழுகாகும், பூவேலை வழிந்தோடும்.

மேனுவலில் எடுத்த வரிசை என்றால் ஒன்றைத் திருத்தி மற்றவற்றுக்கு ஒத்திசைத்தால் முடிந்தது. ஷட்டர் மாறி மாறி எடுத்திருந்தால், நன்றாக வந்த படத்தை முதலில் தேர்ந்தெடுத்து, மற்றவற்றையும் சேர்த்து, செட்டிங்ஸ் மெனுவில் மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ் கொடுங்கள். ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எண்களைக் கணக்கிட்டு அதுவே சமன்செய்யும்.

டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்களில்?

தாராளமாகச் செய்யலாம். கிளிப்பை ஆராய்வதில் இவை லைட்ரூமைவிட நேர்மையானவை. டார்க்டேபிளில் படத்தின் கீழே உள்ள ரா ஓவர்எக்ஸ்போஸ்டு பொத்தானை அழுத்தினால், திருத்தங்களைக் கணக்கில் எடுக்காமல், ரா ஃபைலில் உண்மையிலேயே நிறைந்துபோன பிக்சல்களைக் காட்டும். ராதெரபியில் ரா ஹிஸ்டோகிராமே உண்டு.

டார்க்டேபிளின் இன்றைய முறையில் எக்ஸ்போஷர் மாட்யூல் தொடக்கத்திலேயே ஏறத்தாழ +0.7இல் நிற்கும். வலதுபக்கம் தள்ளி எடுத்த படம் அதனால் மிக வெளிச்சமாகத் திறக்கும், பயப்பட வேண்டாம். முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை அமையுங்கள். வெளியே போனதுபோல் தெரியும் ஹைலைட்டை சிக்மாய்ட் அல்லது ஃபில்மிக் மாட்யூல் உள்ளே மடக்கிக்கொள்ளும். இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட்டால் படம் சாம்பலாகும்.

ஹைலைட்டை மீட்டால் இளஞ்சிவப்பாக வருகிறது. ஏன்?

பச்சைச் சேனல் முதலில் நிறைந்துவிட்டது. சிவப்பும் நீலமும் நிறையவில்லை, ஆனால் ஒயிட் பேலன்ஸ் அவற்றைப் பெருக்கியதும் பச்சையைத் தாண்டிவிட்டன. பச்சையில்லாத வெள்ளை இளஞ்சிவப்புதான். மென்பொருளின் ஹைலைட் மீட்பு வசதி, மிச்சமுள்ள ஒன்றிரண்டு சேனல்களை வைத்து இல்லாததை ஊகித்து நிரப்பும். ஒரு சேனல் போயிருந்தால் ஊகம் நன்றாகவே இருக்கும், மேகத்துக்குப் போதும். இரண்டு போனால் நிறம் போய் வடிவம் மட்டும் மிஞ்சும். மூன்றும் போனால் வண்ணம் பூசியதுபோல் வெறும் திட்டு.

கோபுரமும் வேண்டும், பின்னால் மதிய வானமும் வேண்டும். ஒரே படத்தில் முடியுமா?

வெயில் படும் பக்கத்திலிருந்து எடுத்தால் ஒரே படம் போதும். எஃப் 16, 1/100, ஐஎஸ்ஓ 100 என்ற பழைய வெயில் விதிக்குள் வண்ணக் கோபுரமும் வானமும் சேர்ந்தே அடங்கும். நிழல் பக்கத்திலிருந்து எடுத்தாலும், அடிப்படை ஐஎஸ்ஓவில் மேகத்தைக் காத்து எடுத்துவிட்டு நிழலை 2, 3 ஸ்டாப் தூக்கலாம். பல படம் தேவைப்படுவது இருண்ட மண்டபத் தூண்களுக்கு நடுவே வெளிப்பிராகாரம் தெரியும் காட்சிக்குத்தான். 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம், அப்பர்ச்சரும் ஃபோகஸும் மாறாமல், ஷட்டரை மட்டும் மாற்றி. மிக இருட்டான படத்தில் வெளிப்புறம் கிளிப் ஆகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பல கோயில்களில் ட்ரைபாட் அனுமதி இல்லை. தூணில் சாய்ந்து, தொடர் எடுப்பில் மூன்றையும் ஒரே அழுத்தலில் எடுத்தால் மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திவிடும். நடக்கும் மனிதர்கள் மட்டும் ஆவிபோல் தெரிவார்கள்.

போனில் எடுக்கும் ராவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஐபோனின் புரோரா பல படங்களைச் சேர்த்துச் செய்த ஃபைல், ஆகவே நாய்ஸ் ஏற்கெனவே குறைந்திருக்கும். வெள்ளையைக் காத்துக்கொண்டால் போதும். மற்ற செயலிகள் எடுக்கும் ஒற்றை டிஎன்ஜிக்கு (ஒரு ரா ஃபைல் வகை) இங்கே சொன்னதெல்லாம் பொருந்தும், ஆனால் சென்சார் சிறியது, 1 ஸ்டாப்புக்குமேல் தூக்கினால் தாங்காது.

கணினியில் அருமையாக இருந்த ஆல்பம் அச்சில் இருட்டாக வந்தது. எக்ஸ்போஷர் தவறா?

திரைதான் காரணம். லேப்டாப் முழுப் பிரகாசத்தில் சதுர மீட்டருக்கு 300 கேண்டெலாவை (ஒளியின் அலகு) தாண்டக்கூடும். அதில் பார்த்துத் திருத்தினால் படத்தை இருட்டாகவே விட்டுவிடுவீர்கள். அச்சுக்கான வேலையை 80 முதல் 120 கேண்டெலாவில் செய்ய வேண்டும். அளக்கும் கருவி இல்லாவிட்டால் வெள்ளைத் தாளை மேசை விளக்கொளியில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதைவிட ஒளிராத அளவுக்குப் பிரகாசத்தைக் குறையுங்கள். முழு ஆல்பத்தையும் அனுப்புமுன், இருட்டான படம் ஒன்று, வெள்ளை நிறைந்த படம் ஒன்று, முகம் நெருக்கமாக உள்ள படம் ஒன்று என மூன்றை மட்டும் அதே லேபில் அச்சிட்டுப் பாருங்கள்.